காட்டுத்தீக்கு மேல் ஒரு வேலை

1953-ல் கலிஃபோர்னியாவின் மென்டசினோ வனத்தில் பற்றிய தீ, அணைக்கப் போன 15 பேரின் உயிரைக் குடித்தது. இரண்டு ஆண்டு கழித்து, அதே வட்டாரத்து வில்லோஸ் ஊரில், வயல்களுக்கு மேல் பறந்து விதையும் மருந்தும் தூவிவந்த நோல்ட்டா குடும்பத்தார் தங்கள் ஸ்டியர்மன் விமானத்தின் தொட்டிக்கு அடியில் கதவு பொருத்தி, எரியும் காட்டின் மேல் தண்ணீர் கொட்டிக் காட்டினார்கள்.

அமெரிக்காவில் இந்த வேலைக்கு வருகிற பலர் இன்றும் அந்த வயல் வழியாகத்தான் வருகிறார்கள். வணிக விமானி உரிமத்துக்கு 250 மணி நேரப் பறத்தல் போதும். தீக்கு மேல் போக அது போதவே போதாது. மின்கம்பிக்கும் மரத்துக்கும் நடுவே, கனத்த சுமையோடு தாழப் பறந்து கை பழக வேண்டும். அதன் பிறகே ஏர் டிராக்டர் 802 போன்ற ஒற்றை எஞ்சின் விமானம். அதில் ஏறக்குறைய 3,000 லிட்டர் தீத்தடுப்புக் கலவை கொள்ளும். கதவு திறந்து அவ்வளவும் நொடிகளில் கொட்டும்போது மூக்கு சட்டென மேலே தூக்கும். விமானி அதை எதிர்பார்த்து அழுத்திப் பிடிக்க வேண்டும். கொட்டுவது பெரும்பாலும் நெருப்பின் மேல் அல்ல, அது வரப்போகும் பாதையில். கலவையில் சிவப்புச் சாயம் சேர்ப்பதே, முன்னவர் விட்ட இடத்தைப் பின்னால் வருகிறவர் கண்டு தொடரத்தான். இப்படி இழுத்த கோட்டைத் தரையில் உள்ள வீரர்கள் வந்து பலப்படுத்தாவிட்டால் தீ அதைத் தாண்டிவிடும்.

கனடாவில் வேறு வழியும் உண்டு. முன்னால் பறந்து பாதை காட்டும் சிறிய விமானத்தில் புதியவர்கள் சேர்கிறார்கள். பக்கத்து இருக்கையில் தீ மீதான தாக்குதலை வழிநடத்தும் அதிகாரி. காற்று, மலைச்சரிவு, புகை மூன்றையும் படிக்க அதைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை என்பேன்.

வேலை பெரும்பாலும் கோடைக்கு மட்டும். வீட்டைப் பிரிந்து, ஓடுதளத்தருகே அழைப்புக்குக் காத்திருக்கும் நாட்களே அதிகம்.

ஆபத்தும் உண்டு. 2002 ஜூனில் கலிஃபோர்னியாவின் வாக்கரில், தீயணைத்துக்கொண்டிருந்த பழைய சி-130 விமானம் ஒன்றின் இறக்கைகள் நடுவானில் முறிந்தன. அதிலிருந்த மூவரும் மாண்டார்கள். அடுத்த மாதமே கொலராடோவில் இரண்டாம் உலகப் போர்க்கால விமானம் ஒன்றும் இறக்கை முறிந்து விழுந்தது. இரண்டுக்கும் காரணம் உலோகச் சோர்வால் உண்டான விரிசல். எனவே வேலை தேடும் இளைஞர்கள் சம்பளம் பேசுவதற்கு முன் பராமரிப்புப் பதிவேட்டைக் கேட்டுப் பார்க்க வேண்டும். புகை அதிகம் என்று சுமையைக் கொட்டாமல் திரும்பிய விமானியை நிறுவனம் எப்படி நடத்தியது என்றும் அங்குள்ள பழைய ஆட்களிடம் விசாரிக்க வேண்டும்.