ராத்திரி 12 மணிக்கு "டம்… டம்…" பக்கத்து வீட்டு கட்டிட சத்தத்துக்கு கணக்கு உண்டு!

சென்னை நகரில் பழைய வீடுகளை இடித்துவிட்டு, அடுக்குமாடி கட்டும் வேலை தெருவுக்கு தெரு நடக்கிறது. கட்டுகிறவர்களுக்கு புது வீடு. பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு? தூக்கம் போச்சு!

பரீட்சைக்கு படிக்கும் பிள்ளைகள், கைக்குழந்தைக்காரர்கள், நைட் டியூட்டி முடிந்து பகலில் படுப்பவர்கள் என்று எல்லோரும் தவிக்கிறார்கள். போய் கேட்டால், "வீடு கட்டினா சத்தம் வராதா சார்? கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க" என்பதுதான் வழக்கமான பதில்.

எவ்வளவு சத்தம் வரை "அட்ஜஸ்ட்" பண்ணுவது? அதற்கு சட்டத்தில் கணக்கு இருக்கிறது. அதன் விவரம் வருமாறு:-

பகலில் 55, இரவில் 45

மத்திய அரசின் ஒலி மாசு விதிகள் 2000-ம் ஆண்டு வந்தன. அதன்படி குடியிருப்பு பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல்தான் சத்தம் இருக்கலாம். கடைத்தெருவில் 65, 55. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கோர்ட்டு போன்றவற்றை சுற்றியுள்ள அமைதி பகுதியில் 50, 40.

காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை பகல் கணக்கு. மீதி இரவு கணக்கு.

இரண்டு பேர் எதிரெதிரே நின்று சாதாரணமாக பேசினால் சுமார் 60 டெசிபல். இதில் 10 கூடினால் காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாக கேட்கும்.

100 அடி தள்ளி இருந்தாலும்…

பழைய கட்டிடத்தை உடைக்கும் பிரேக்கர் மிஷின், 50 அடி தூரத்தில் சுமார் 85 டெசிபல் சத்தம் போடும். தூரம் இரண்டு மடங்கானால் 6 டெசிபல் குறையும். அதாவது 100 அடியில் 79, 200 அடியில் 73. இது திறந்தவெளி கணக்கு. நடுவில் சுவர் இருந்தால் இன்னும் குறையும். ஆனால் சென்னை தெருக்களில் ஜன்னலுக்கும் பக்கத்து மனைக்கும் நடுவே 10 அடி இருந்தாலே பெரிய விஷயம்!

இதில் ஒரு சங்கதி உண்டு. 55 என்பது பகல் முழுவதுக்குமான சராசரி. 16 மணி நேரத்தில் 1 மணி நேரம் மட்டும் மிஷின் ஓடினால், சராசரியில் 12 டெசிபல் குறைந்துவிடும். 100 அடி தள்ளி உள்ள வீட்டுக்கு 79 என்பது 67 ஆகும்.

அப்போதும் வரம்பை விட 12 அதிகம்! 10 டெசிபலோ அதற்கு மேலோ கூடினால் புகார் கொடுக்கலாம் என்கிறது விதி.

பெரிய கட்டிடத்துக்கு மட்டும்

20 ஆயிரம் சதுர மீட்டர், அதாவது சுமார் 2 லட்சத்து 15 ஆயிரம் சதுர அடியும் அதற்கு மேலும் கட்டுபவர்கள், 2006-ம் ஆண்டு அறிவிப்பின்படி சுற்றுச்சூழல் அனுமதி வாங்க வேண்டும். சத்தம் எவ்வளவு வரும், எப்படி குறைப்போம் என்று முன்கூட்டியே சொல்லவும் வேண்டும்.

2 கிரவுண்டில் 4 மாடி கட்டுபவருக்கு இது கிடையாது. ஒட்டி ஒட்டி வீடுகள் உள்ள தெருக்களில் அதிகம் நடப்பதோ இந்த சின்ன வேலைதான். அங்கே ஜனங்களே அளந்தால்தான் உண்டு.

எப்படி அளப்பது?

ஒரு நோட்டு போடுங்கள். தேதி, ஆரம்பித்த நேரம், நிறுத்திய நேரம், என்ன மிஷின், எத்தனை அடி தூரம், ஜன்னல் திறந்திருந்ததா என்று எழுதுங்கள். போனில் உள்ள டெசிபல் மீட்டர், மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் கருவிக்கு ஈடாகாது. ஆனாலும் 60-ஆ, 80-ஆ என்று தெரிந்துவிடும்.

வேலை நிற்கும் நேரத்திலும் அளக்க வேண்டும். இது முக்கியம். பஸ் போகும் ரோட்டில் வேலை இல்லாமலே 65 இருக்கலாம். இரண்டையும் ஒப்பிட்டால்தான் கட்டிடத்தின் பங்கு எவ்வளவு என்று புரியும்.

ராத்திரிக்கு மீட்டர் வேண்டாம்

ராத்திரி விஷயம் வேறு. பகலில் கனரக லாரிகளுக்கு நேரக் கட்டுப்பாடு இருப்பதால், ரெடிமிக்ஸ் லாரிகள் பெரும்பாலும் இரவில்தான் வருகின்றன. "தளம் போட ஆரம்பிச்சா பாதியில நிறுத்த முடியாதுங்க" என்பார்கள் மேஸ்திரிகள். அதுவும் நிஜம்தான். நடுவில் விட்டால் பழைய கான்கிரீட்டோடு புதியது சரியாக ஒட்டாது. பின்னால் அங்கே தண்ணீர் கசியும்.

ஆனால் 2010-ம் ஆண்டு விதியில் திருத்தம் வந்தது. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை, குடியிருப்பு பகுதியிலும் அமைதி பகுதியிலும் சத்தம் எழுப்பும் கட்டிட மிஷின்களை இயக்கவே கூடாது. 45-ஆ, 50-ஆ என்ற பேச்சே கிடையாது. கடிகாரத்தை பார்த்தால் போதும். 100-க்கு போன் போட்டு புகார் சொல்லலாம். போலீஸ் கமிஷனருக்கும் கலெக்டருக்கும் இதில் நடவடிக்கை எடுக்க அதிகாரம் உண்டு.

கட்டுகிறவர்கள் மனது வைத்தால் பாதி தொல்லை தீரும். ஜெனரேட்டரை பக்கத்து வீட்டு படுக்கை அறையை விட்டு தள்ளி வைக்கலாம். மார்பிள் அறுப்பதை உள் அறையில் கதவை மூடி செய்யலாம். தளம் போடும் வேலையை விடியற்காலை 6 மணிக்கு ஆரம்பிக்கலாம். இரண்டு நாள் முன்பு பக்கத்து வீட்டுக்கு ஒரு வார்த்தை சொல்லலாம்.

நாளைக்கு கிரகப்பிரவேச பத்திரிகையோடு அதே வீட்டு கதவைத்தானே தட்ட வேண்டும்!