முடிவில்லாத் திரை: செயலி வடிவமைப்பும் பயனரின் கவன உரிமையும்

கைப்பேசிச் செயலி என்பது ஒரு வேலையை முடித்துத் தரும் கருவி என்றே பொதுவாகக் கருதப்படுகிறது. ஆயினும் விளம்பர வருவாயை நம்பி இலவசமாக வழங்கப்படும் செயலிகளுள் பெரும்பாலானவை, வேலை முடிந்த பின்னும் பயனர் வெளியேறாமல் இருப்பதையே தம் வெற்றியின் அளவாகக் கொள்கின்றன. பயனர் திரையில் தங்கும் ஒவ்வொரு நிமிடமும் இன்னும் சில விளம்பரங்களைக் காட்டுவதற்கான இடம் என்பதால், இங்கே விலைபோகும் சரக்கு மனிதரின் கவனமே. இவ்வகை வணிகத்தைக் ‘கவனப் பொருளாதாரம்’ என்பர். தகவல் பெருகப் பெருக அதை வாங்கிக்கொள்ளும் கவனம் அருகும் என்பதைப் பொருளியல் அறிஞர் ஹெர்பர்ட் சைமன் 1971-ஆம் ஆண்டிலேயே எடுத்துரைத்தார்.

திண்டுக்கல் நகரிலும் அதைச் சூழ்ந்த சமவெளி ஊர்களிலும் இச்சிக்கலுக்குத் தனி முகம் ஒன்று உண்டு. நிலக்கோட்டைப் பூ வியாபாரிக்கு மல்லிகையின் அன்றைய விலையும், ஒட்டன்சத்திரம் காய்கறி மண்டிக்குச் சரக்கு ஏற்றிவிட்ட விவசாயிக்கு எடையும் கணக்கும் வாட்ஸ்அப் வழியாகவே வந்து சேர்கின்ற நிலையில், ‘கைப்பேசியை அணைத்து வையுங்கள்’ என்னும் அறிவுரை அவர்களுக்குப் பயன்படுவதில்லை. விலைச் செய்தி வரும் அதே திரையில், அதே ஒலியோடு, தள்ளுபடி அறிவிப்பும் யாரோ பதிவேற்றிய காணொளியைப் பற்றிய தகவலும் வருகின்றன. எது வயிற்றுப்பாட்டுக்கான செய்தி, எது பொழுதைத் தின்ன வந்த செய்தி என்பதைத் திறந்து பார்த்த பின்னரே அறிய முடிகிறது. வேடசந்தூர்ப் பகுதி நூற்பாலைகளில் இரவு ஷிப்டு முடித்துவிட்டுப் பகலில் உறங்க வேண்டியவர்களுக்கு இதன் இழப்பு நேரத்தில் மட்டும் அன்று, உடல்நலத்திலும் விழுகிறது. பயனரின் மன உறுதிக் குறைவே காரணம் என்று பேசி முடித்துவிடுவது, செயலியை வடிவமைத்தவரின் பொறுப்பைப் பேசாமலே விட்டுவிடுவதாகும்.

அவ்வடிவமைப்பின் இயக்கத்தை அருகிலிருந்து காண்பது பயனுடையது. பழைய இணையப் பக்கங்களுக்கு அடி உண்டு. அங்கே வந்ததும் மேலே படிப்பதா நிறுத்துவதா என்று ஒரு கணம் எண்ண நேரும். சந்தை கலையும் நேரம் போன்ற அந்த இடைவெளியை நீக்கி, கீழே இழுக்க இழுக்கப் புதியது வந்துகொண்டே இருக்கும் ‘முடிவில்லாச் சுருள்’ முறையை 2006-இல் அமெரிக்க வடிவமைப்பாளர் ஏசா ராஸ்கின் உருவாக்கினார். பின்னர் அதன் விளைவுகளைக் கண்டு வெளிப்படையாக வருந்தியவரும் அவரே. திரையின் உச்சியை விரலால் கீழ்நோக்கி இழுத்தால் சிறு வட்டம் ஒன்று சுழல்கிறது. அது நின்றதும் சில வேளைகளில் புதிய செய்தி இருக்கிறது, பல வேளைகளில் இல்லை. எப்போது கிடைக்கும் என்று தெரியாத பரிசே உயிர்களை மிகுதியாகத் திரும்பத் திரும்ப முயலவைக்கிறது என்பதை உளவியலாளர் ஸ்கின்னர் புறாக்களைக் கொண்டு கண்டறிந்தார். சூதாட்ட எந்திரமும் இந்தச் சுழலும் வட்டமும் இயங்குவது அதே விதியின்படிதான்.

இவ்வகை வடிவமைப்பை மாற்றும்படி அரசு கட்டளையிட முடியுமா என்னும் வினாவுக்குத் தமிழ்நாட்டிலேயே விடை உண்டு. திண்டுக்கல் மாவட்டத்தையும் தன் எல்லைக்குள் கொண்ட சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, 2019 ஏப்ரலில் டிக்டாக் செயலிக்கு இடைக்காலத் தடை விதிக்கச் சொல்லி, அதே மாதத்தில் அத்தடையை விலக்கிக்கொண்டது. ஆனால் அவ்வழக்கில் முதன்மையாகப் பேசப்பட்டது செயலியின் உள்ளடக்கமே தவிர அதன் கட்டமைப்பு அன்று. கட்டமைப்பையே தொட்டது இணையவழி விளையாட்டு பற்றிய சட்டம். நீதியரசர் கே. சந்துரு தலைமையில் 2022-இல் அமைக்கப்பட்ட குழுவின் அறிக்கையைத் தொடர்ந்து இயற்றப்பட்டு, 2023 ஏப்ரலில் ஆளுநரின் ஒப்புதலைப் பெற்ற அச்சட்டத்தின் கீழ், தமிழ்நாடு இணையவழி விளையாட்டு ஆணையம் 2025 பிப்ரவரியில் ஒழுங்குமுறைகளை வெளியிட்டது. பணம் கட்டி ஆடும் விளையாட்டுகளில் நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை உள்நுழைவு கூடாது. ஒரு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து ஆடுவோருக்கு 30 நிமிடத்துக்கு ஒருமுறை எச்சரிக்கை திரையில் தோன்ற வேண்டும். 18 வயது நிரம்பாதோருக்கு அனுமதி இல்லை. நிறுவனங்கள் தொடுத்த வழக்குகளை 2025 ஜூன் 3 அன்று சென்னை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்து, மக்கள் நலன் கருதி இத்தகைய கட்டுப்பாடுகளை விதிக்க மாநிலத்துக்கு அதிகாரம் உண்டு என்று ஏற்றுக்கொண்டது. அவ்வாண்டு ஆகஸ்டில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் பணவழி இணைய விளையாட்டுகளையே தடை செய்துவிட்டதால் அவ்விதிகளுக்கு இப்போது வேலை குறைவு. எனினும் ஒரு செயலிக்குள் ‘நிற்குமிடம்’ வைக்கும்படி அரசு கட்டளையிடலாம், நீதிமன்றம் அதை ஏற்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான முன்மாதிரி வேண்டுவதில்லை.

பொதுவான பாதுகாப்பாக உள்ளது, 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று அறிவித்த வழிகாட்டு நெறிமுறைகள். பயனரை ஏமாற்றியோ குழப்பியோ, அவர் விரும்பாததைச் செய்யவைக்கும் திரை அமைப்பை ‘டார்க் பேட்டர்ன்’ என்று வகுத்து, அதில் 13 வகைகளை அவை பட்டியலிடுகின்றன. இல்லாத அவசரத்தைக் காட்டுவது, சந்தாவிலிருந்து வெளியேறும் வழியை மறைப்பது, விளம்பரத்தைச் செய்தி போலக் காட்டுவது ஆகியவை அவற்றுள் சில. கவனத்தைப் பொறுத்தவரை முதன்மையானது ‘நச்சரிப்பு’ என்னும் வகை: ‘வேண்டாம்’ என்னும் பொத்தானே இல்லாமல், அறிவிப்புகளை அனுமதிக்கும்படி மீண்டும் மீண்டும் கேட்பது இதில் அடங்கும்.

இங்கே ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. முடிவில்லாச் சுருளும், ஒரு காணொளி முடிந்ததும் அடுத்ததைத் தானே ஓட்டும் முறையும் அந்த 13-இல் இல்லை. மேலும், இலவசமாக வழங்கப்படும் சேவை நுகர்வோர் சட்டத்தின் ‘சேவை’ என்னும் வரையறைக்குள் வராது. பணத்துக்கு மாறாகத் தம் நேரத்தைக் கொடுக்கும் பயனர், கொடுத்தது விலையே ஆயினும், சட்டத்தின் கண்ணில் எதுவும் கொடுக்காதவர். கவனப் பொருளாதாரத்தின் அடித்தளமான இந்தப் பண்டமாற்றைச் சட்டம் இன்னும் காணவில்லை என்பதே இத்துறையின் தலையாய குறை.

குழந்தைகள் நிலை சற்று மேம்பட்டது. 2023-ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 9-ஆம் பிரிவு, 18 வயது நிரம்பாதோரின் நடத்தையைப் பின்தொடர்ந்து கண்காணிப்பதையும், அதைக் கொண்டு அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதையும் விலக்குகிறது. இதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியிடப்பட்டன. நிறுவனங்களுக்கான முதன்மைக் கடமைகள் அதிலிருந்து 18 மாதங்கள் கழித்தே நடைமுறைக்கு வரும்.

மாற்று வடிவமைப்பு கற்பனை அன்று. 2022-இல் வந்த ஆண்ட்ராய்டு 13-க்கு முன்பு, செயலியை நிறுவியவுடன் அறிவிப்புகள் தாமாகவே வரத் தொடங்கும். அப்பதிப்பு முதல், புதிய செயலி ஒவ்வொன்றும் பயனரின் இசைவைக் கேட்டே அறிவிப்பை அனுப்ப முடியும். கேள்வியின் திசையை மாற்றியதே அந்தத் திருத்தம். யூடியூப்பில் நாள் முழுதும் சிதறிவரும் அறிவிப்புகளைத் தேர்ந்த ஒரு நேரத்தில் ஒரே தொகுப்பாகப் பெறும் வசதி அமைப்புகளுக்குள் இருக்கிறது. அதைத் தேடிப்போய் இயக்குபவர் சிலர் என்பதால், தொகுப்பே இயல்புநிலையாகவும் சிதறலே விரும்பிக் கேட்பவருக்கானதாகவும் இருக்கவேண்டும் என்பது நியாயமான கோரிக்கை. வாட்ஸ்அப்பிலும் உறவினர் குழுக்களை ‘எப்போதும்’ என்று ஒலியடக்கிவிட்டு, மண்டிக்காரரின் எண்ணுக்கு மட்டும் தனி ஒலியை வைத்துக்கொண்டால், திரையைத் திறக்காமலேயே பிழைப்புச் செய்தியைப் பிரித்தறியலாம்.

பணம் கொடுத்து வாங்கிய சந்தாவிலோ, இணையக் கொள்முதலிலோ டார்க் பேட்டர்ன் தென்பட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் செய்யலாம். பண இழப்புக்கு ஈடு வேண்டுவோர், நிறுவனத்தின் தலைமையகம் பெங்களூரில் இருந்தாலும் குருகிராமில் இருந்தாலும், தாம் வசிக்கும் மாவட்டத்தின் ஆணையத்தையே நாடலாம் என்று 2019-ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்திருப்பதால், திண்டுக்கல் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே மனு கொடுக்க முடியும். 5 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள மனுவுக்குக் கட்டணம் இல்லை, கால வரம்பு 2 ஆண்டு. தொல்லை தரும் வணிக அழைப்புகளுக்கும் குறுஞ்செய்திகளுக்கும் 1909. இணைய மோசடியில் பணம் போனால் தாமதியாமல் 1930. கைப்பேசியை விடமுடியாத தவிப்பு உறக்கத்தையும் வேலையையும் கெடுக்கும் அளவுக்குப் போயிருந்தால் 14416 என்னும் டெலி மானஸ் மனநல உதவி எண். எந்தப் புகாருக்கும் ஆதாரம் திரைதான்: தொல்லை தந்த திரையை நாளும் நேரமும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து, வெளியேறும் வழியைத் தேடி எத்தனை திரைகளைக் கடக்க நேர்ந்தது என்பதை வரிசை மாறாமல் சேமித்துவைக்க வேண்டும், செயலியின் அடுத்த புதுப்பிப்பில் அத்திரை காணாமல் போய்விடக்கூடும்.