அழிப்பதற்கு முன்: தோட்டக் குடும்பங்களும் கைத்தொலைபேசிப் படங்களும்

கைத்தொலைபேசியில் சேரும் ஒளிப்படங்களுள் எவற்றை வைத்திருப்பது, எவற்றை அழிப்பது என்னும் கேள்வி, சேமிப்பிடம் நிறைந்துவிட்டதென்ற அறிவிப்புத் திரையில் தோன்றும்போது மட்டும் எழுந்து, கண்ணில் பட்டவற்றை அவசரமாக நீக்கியதும் மறக்கப்பட்டுவிடுவது எங்கும் உள்ள வழக்கம். இலங்கையின் கேகாலை மாவட்டத்தில் யட்டியாந்தோட்டை, தெரணியகலை, புளத்கொஹுபிட்டிய, தெஹியோவிட்ட முதலிய ஊர்களைச் சூழ்ந்த இறப்பர், தேயிலைத் தோட்டங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இக்கேள்வி கூடுதல் கனம் உடையது. ஏனெனில் அவர்களைப் பற்றிய எழுத்துப் பதிவுகளில் பெரும்பகுதி தோட்ட நிருவாகமும் அரசும் தத்தம் தேவைக்கு எழுதிவைத்தவை. தோட்டத்தின் வேலைப் பதிவேடான செக்றோலில் ஒருவர் எத்தனை நாள் வேலை செய்தார், எவ்வளவு பணம் பிடிக்கப்பட்டது என்பன இருக்கும். அவர் எப்படிச் சிரித்தார், அவருடைய குடியிருப்பு அறையான காம்பராவில் எந்தச் சாமிப்படம் மாட்டியிருந்தது என்பன இருக்கமாட்டா. அவற்றைத் தாமே பதிந்துகொள்ள அம்மக்களுக்குப் பரவலாக வாய்த்த முதற் கருவி கைத்தொலைபேசியின் கமராவே.

எதை வைப்பது, எதை நீக்குவது என்று தீர்மானிக்கும் செயலை ஆவணக் காப்பாளர்கள் மதிப்பிட்டுத் தெரிதல் என்பார்கள். இதைப் பற்றிய பழைய விவாதம் ஒன்று இன்றும் பயன்படுகிறது. இங்கிலாந்தின் ஹிலரி ஜென்கின்சன் 1922இல் வெளியிட்ட நூலில், தெரிவு செய்வது காப்பாளரின் வேலையன்று, வந்ததை வந்தபடி காப்பதே அவர் கடமை என்று வாதிட்டார். அமெரிக்காவின் தியோடர் ஷெல்லன்பெர்க் 1956இல், பெருகிவிட்ட நவீன ஆவணங்களை முழுவதும் காக்க இயலாது, தெரிவுசெய்தே ஆகவேண்டும் என்றார். ஓர் ஆவணம் ஏதோ ஒன்று நடந்ததற்குச் சான்றாக நிற்கிறதா, அல்லது ஆட்களையும் இடங்களையும் நிலைமைகளையும் பற்றிய தகவலைத் தருகிறதா என்ற இரு கேள்விகளை அவர் அளவுகோலாக வைத்தார். குடும்பப் படங்களுக்கு இவ்விரண்டும் நன்றாகவே பொருந்துகின்றன. அழகு, தெளிவு என்பவை இரண்டிலும் இடம்பெறவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

சான்று என்ற சொல்லுக்கு இத்தோட்டங்களை உள்ளடக்கிய மலையகத்தில் தனி வரலாறு உண்டு. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளித் தோட்டத் தொழிலாளரைப் பெருமளவில் நாடற்றவராக்கியது. அடுத்த ஆண்டு வந்த இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டத்தின்கீழ் குடியுரிமை கேட்டவர்கள் இலங்கையில் தொடர்ந்து வாழ்ந்துவந்ததை நிரூபிக்க வேண்டியிருந்தது. விண்ணப்பங்களில் அடங்கிய ஏறத்தாழ 8 இலட்சம் பேருள் 1,34,000 பேரளவினருக்கே குடியுரிமை கிடைத்தது. 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தபோது, குடும்பங்கள் கடலின் இரு கரைகளுக்கும் சிதறின. இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்களுள் ஒரு பகுதியினர் நீலகிரியின் தேயிலைத் தோட்டங்களிலும், வேறு சிலர் கன்னியாகுமரி மாவட்டம், கர்நாடகத்தின் புத்தூர், சுள்ளியா ஆகிய இடங்களின் இறப்பர்த் தோட்டங்களிலும் குடியமர்த்தப்பட்டனர். பாட்டனும் பாட்டியும் ஸ்டூடியோவில் நாற்காலியில் அமர்ந்து எடுத்த ஒரே கறுப்பு வெள்ளைப் படம் எந்தக் கரையில் இருக்கிறதென்பதை வைத்து உறவைத் தேடும் நிலையில் இன்றும் பலர் உள்ளனர்.

குடும்பங்களிடம் படங்கள் அரிதென்றாலும், அந்நியர் எடுத்த படங்களுக்குக் குறைவில்லை. ஆங்கிலேய ஒளிப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கெமரன் 1875இல் இலங்கைக்கு வந்து 1879இல் டிக்கோயாவில் இறக்கும்வரை தமிழ்த் தொழிலாளர் சிலரைப் படம்பிடித்தார். ஸ்கீன், ஸ்கோவன், பிளாட்டே ஆகிய வணிக ஸ்டூடியோக்கள் கொழுந்து பறிக்கும் பெண்களின் உருவங்களை ஒளிப்படங்களாகவும் தபாலட்டைகளாகவும் விற்றன. அவை இன்று அருங்காட்சியகங்களிலும் சேகரிப்பாளரிடமும் பத்திரமாக இருக்கின்றன. ஆனால் படத்திலிருக்கும் பெண்ணின் பெயரோ தோட்டத்தின் பெயரோ பெரும்பாலும் அவற்றில் இல்லை. முகம் காக்கப்பட்டு ஆள் தொலைந்துபோன இந்த நிலை, பெயரெழுதாத எந்தப் படத்துக்கும் இரண்டு தலைமுறைக்குள் நேரக்கூடியதாகும்.

இழப்பின் வேகத்தைக் கேகாலை நேரில் கண்டிருக்கிறது. 2016 மே மாதப் பெருமழையில் அரநாயக்கவின் சாமசர மலை சரிந்து சிரிபுர முதலிய கிராமங்கள் புதைந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டோ காணாமலோ போயினர்; அதே மழையில் புளத்கொஹுபிட்டியவின் களுபஹன தோட்டக் குடியிருப்பையும் மண் மூடி உயிர்களைக் கொண்டுபோனது. அதற்கு முன் 2014 ஒக்டோபர் 29இல் பதுளை மாவட்டத்து மீரியபெத்தையில் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயன்கள் முழுவதுமாகப் புதைந்தன. இத்தகைய இடங்களில் பிறப்புச் சான்றிதழும் அல்பமும் கைத்தொலைபேசியும் ஒரே அலுமாரியிலோ ஒரே காம்பராவிலோ இருப்பதால், போனால் எல்லாம் சேர்ந்தே போகின்றன. ஜப்பானில் 2011 சுனாமிக்குப் பின் தொண்டர்கள் சேற்றிலிருந்து எடுத்த ஏராளமான காகிதப் படங்களைக் கழுவி உலர்த்தி உரியவர்களிடம் சேர்த்தார்கள். காகிதப் படத்துக்கு அந்த வாய்ப்பாவது உண்டு. நொறுங்கிய கைத்தொலைபேசியிலிருந்து படங்களை மீட்பது அரிது.

இனி எதை நீக்கலாம் என்பதில் அதிகம் தயங்கத் தேவையில்லை. வாட்ஸ்அப் குழுக்களில் தினமும் வந்து குவியும் காலை வணக்க அட்டைகள், பண்டிகை வாழ்த்துகள், ஒரே காட்சியை ஏழெட்டு முறை எடுத்ததில் மிஞ்சியவை, வேலை முடிந்த றீலோட் பற்றுச்சீட்டுகள் ஆகியவற்றை நீக்கினாலே பெரும்பாலான கைத்தொலைபேசிகளில் போதிய இடம் கிடைத்துவிடும். வாட்ஸ்அப்பில் தானாகப் பதிவிறங்கும் வசதியை நிறுத்திவைத்தால் அந்தக் குவியல் மறுபடி சேராது. நீக்கத் தயங்கவைக்கும், படமெடுத்ததே நினைவைக் காத்துவிடும் என்ற நம்பிக்கையும் முழுமையாகச் சரியானதன்று. அமெரிக்க உளவியலாளர் லிண்டா ஹென்கல் 2014இல் வெளியிட்ட ஆய்வொன்றில், அருங்காட்சியகத்தில் பொருள்களைப் படமெடுத்தவர்கள், வெறுமனே பார்த்தவற்றைவிடப் படமெடுத்தவற்றையே குறைவாக நினைவில் வைத்திருந்தார்கள்.

எதை வைத்திருப்பது என்பதில்தான் தோட்டக் குடும்பங்கள் பெரும்பாலும் தவறான பக்கம் சாய்கின்றன. திருமண மண்டபத்தில் வாடகை மாலையும் மின்விளக்கும் சூழ எடுத்த நூற்றுக்கணக்கான படங்கள் பத்திரமாக இருக்க, லயத்து முன்திண்ணையான இஸ்தோப்பில் விறகுக் கட்டுக்குப் பக்கத்தில் அம்மா உட்கார்ந்திருந்த மங்கலான படம் வெட்கத்தோடு அழிக்கப்படுகிறது. மண்டபத்தைப் பிறகும் பார்க்கலாம். அந்த இஸ்தோப்பு இருக்காது. லயன்கள் இடிக்கப்பட்டு சிறு காணித்துண்டுகளில் தனிவீடுகள் எழுவது வரவேற்க வேண்டிய மாற்றமே, ஆயினும் ஒன்றரை நூற்றாண்டு மக்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதற்கான கண்சாட்சி அதனோடு மறைகிறது. இறப்பர் மரமோ ஏறக்குறைய முப்பது ஆண்டுகளில் பிடுங்கப்பட்டு மறுநடுகைக்கு உள்ளாவதால், ஒரு தலைமுறைக்குள் மலைச்சரிவின் தோற்றமே மாறிவிடுகிறது. ஆகவே விடியற்காலைப் பால்வெட்டு, வெட்டுக்கத்தி, சிரட்டை, பால்வாளி சுமந்து நிறுவைக்கு நிற்கும் வரிசை, தொழிலாளர் காலையில் கூடும் பிரட்டுக்களம், குழந்தைகளைப் பராமரிக்கும் பிள்ளைமடுவம், காமன்கூத்துக்கு வேடமிட்டவர்கள், தோட்டக் கோவிலின் பழைய கட்டடம் ஆகியவற்றைக் காட்டும் படம் எவ்வளவு மங்கலாக இருந்தாலும் வைத்திருக்கத்தக்கது. சம்பளச் சீட்டு, சேமலாபநிதிப் படிவம், பழைய குடியுரிமைச் சான்றிதழ் முதலியவற்றின் தெளிவான படங்களும் அப்படியே; ஆனால் இவை அடையாள எண்களைக் கொண்டிருப்பதால் குழுக்களில் பகிரப்படாமல் தனிக் கோப்புறையில் இருக்க வேண்டும்.

வைத்திருக்க முடிவுசெய்தவற்றை எங்கே வைப்பது என்பதிலும் கவனம் வேண்டும். கூகுள் போட்டோஸ் 2021 ஜூன் 1 முதல் வரம்பற்ற இலவசச் சேமிப்பை நிறுத்தி, மின்னஞ்சலுக்கும் படங்களுக்கும் சேர்த்து 15 ஜிகாபைட் மட்டுமே இலவசமாகத் தருகிறது. இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தப்படாத கணக்கை அதிலுள்ளவற்றோடு நீக்கவும் அந்நிறுவனத்தின் விதி இடமளிக்கிறது. வேலைக்காக வளைகுடா நாடு சென்று எண்ணையும் கணக்கையும் மாற்றிக்கொள்வோர் பலராதலால், பழைய கணக்கை இடையிடையே திறந்து பார்ப்பது அவசியம். கூகுள் போட்டோஸ் செயலியில் ஒரு படத்தை நீக்கினால் கைத்தொலைபேசியிலிருந்தும் இணையத்திலிருந்தும் சேர்ந்தே நீங்கும். இடத்தை விடுவிக்கும் வசதியைப் பயன்படுத்தினால் கைத்தொலைபேசியிலிருந்து மட்டும் நீங்கும். இவ்வேறுபாடு தெரியாமல் முழுத் தொகுப்பையும் இழக்க நேரலாம். மிக முக்கியமான படங்களையேனும் அச்சிட்டு வேறூரில் உள்ள உறவினர் வீட்டில் ஒரு பிரதி வைப்பது மண்சரிவு அபாயமுள்ள மாவட்டத்தில் மிகையான ஏற்பாடன்று. மலையகம் தொடர்பான ஆவணங்களையும் எண்ணிமப்படுத்திக் காக்கும் நூலகம் நிறுவனமும், ஓல்ட் பீகொக் தோட்டத்தில் 2007 முதல் இயங்கும் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகமும், தனிக் குடும்பத்தைத் தாண்டிய மதிப்புள்ள படங்களுக்குப் பொருத்தமான இடங்கள்.

படத்தோடு கமரா தானாகவே எழுதிவைக்கும் நாள், நேரம், சில வேளை இடம் ஆகிய குறிப்புகளை மீதரவு என்பர். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பும்போது தரம் குறைவதோடு இந்த மீதரவும் களையப்படுகிறது. ஆவணமாக இணைத்து அனுப்பினால் இரண்டும் தப்பும். ஆனால் படத்தில் இருப்பவர் யார், அவர் தோட்டத்தின் எந்த டிவிசனைச் சேர்ந்தவர், யாருக்கு என்ன முறை என்பதை எந்தக் கமராவும் எழுதாது. கேகாலையில் சிங்கள மொழியில் படிக்கும் தோட்டப் பிள்ளைகள் பலர் தமிழைப் பேசினாலும் வாசிக்கத் தடுமாறுவதால், பெயர்க்குறிப்பை இரு மொழிகளிலும் எழுதுவது நல்லது. எழுத வராத மூத்தவர்களிடம் படத்தைக் காட்டி, அவர்கள் சொல்வதைக் குரலாகப் பதிந்து அதே கோப்புறையில் சேர்க்கலாம்; வாட்ஸ்அப் குரற்பதிவு பத்து நிமிடம் ஓடினாலும், கமராவில் எடுத்த ஒற்றைப் படம் பிடிக்கும் இடத்தைப் பெரும்பாலும் அது பிடிப்பதில்லை.