மாவுக்கட்டுக்கு வெளியே தெரியும் விரல்கள்

பெங்களூரு ஜெயநகர் கிழக்கில், பைரசந்திராவில் இருக்கிறது சஞ்சய் காந்தி விபத்து மற்றும் எலும்பு மருத்துவமனை. கர்நாடக அரசின் நிறுவனம். ஓசூர்ப் பக்கத்துக் குடும்பங்களுக்கும் எட்டும் தூரம்தான். இதுபோன்ற எலும்பு வார்டு எதிலும் இரவுத் துணைக்கு இருப்பவர்கள் முணுமுணுப்பது ஒன்றுண்டு: “இப்பத்தான் கண்ணயர்ந்தார், அதுக்குள்ள சிஸ்டர் வந்து எழுப்பி விரலை அசைக்கச் சொல்றாங்களே!”

அந்தத் தொந்தரவுதான் பல கால்களைக் காப்பாற்றுகிறது.

பைக்கில் விழுகிறவர்களுக்கு அதிகம் முறிவது முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பு. அங்கே தசைகள் விரிந்துகொடுக்காத கெட்டியான உறைகளுக்குள் இருக்கின்றன. அடிபட்ட தசை உள்ளே வீங்கினால் அழுத்தம் ஏறும். சிறு ரத்தக்குழாய்கள் நசுங்கும். இதற்குக் கம்பார்ட்மென்ட் சிண்ட்ரோம் என்று பெயர். சுமார் 6 மணி நேரம் இப்படியே போனால் தசை சாகத் தொடங்கும். செத்த தசை திரும்ப வராது. எலும்பு கூடிவிடும், கால் மட்டும் பயன்படாது.

அதனால்தான் நர்ஸ் முறிவை விட்டுவிட்டு விரல்களைப் பார்க்கிறார். நகத்தை அழுத்தி விட்டால் 2 நொடிக்குள் சிவப்பு திரும்புகிறதா, மற்ற பாதத்தைப் போலவே சூடாக இருக்கிறதா, கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடையே தொட்டால் தெரிகிறதா, விரலைத் தானாக மேலே தூக்க முடிகிறதா என்று பார்ப்பார். எல்லாவற்றையும்விட முக்கியம் வலி. ஊசி போட்டும் வலி ஏறிக்கொண்டே போனால், நர்ஸ் விரலை மெல்ல நீட்டும்போதே நோயாளி அலறினால், அது அபாய மணி. நாடி துடிக்கிறதே என்று சும்மா இருக்கக் கூடாது. நாடி நிற்பது மிகவும் பிந்திய அடையாளம். சாதாரண வீக்கத்துக்குக் காலைத் தலையணையில் உயர்த்தி வைப்பார்கள். கம்பார்ட்மென்ட் சிண்ட்ரோமோ என்ற சந்தேகம் வந்துவிட்டால் உயர்த்தக் கூடாது, இதயத்தின் மட்டத்திலேயே வைக்க வேண்டும். மருத்துவரை உடனே அழைத்து, மாவுக்கட்டை நெடுகப் பிளந்து தளர்த்துவார்கள். அழுத்தம் குறையாவிட்டால் அறுவை சிகிச்சையில் உறையைத் திறந்துவிடுவார்கள்.

பெங்களூருத் தமிழ் வீடுகளில் ‘நாட்டு வைத்தியரிடம் புத்தூர் கட்டு போடலாமா’ என்ற கேள்வி இன்றும் எழுகிறது. அந்த நம்பிக்கையைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை. ஆனால் யார் கட்டினாலும், மூங்கிலோ மாவோ, இறுக்கமான கட்டு உள்ளே செய்வது ஒன்றுதான். இறுக்கிக் கட்டிய கையின் தசைகள் செத்து விரல்கள் மடங்கிப்போவதை ஜெர்மன் மருத்துவர் ரிச்சர்ட் வோல்க்மன் 1881-லேயே விவரித்துவிட்டார். முழங்கைக்குச் சற்று மேலே முறிந்த குழந்தைகளுக்கு இந்த ஆபத்து அதிகம்.

இடுப்பு எலும்பு முறிந்த முதியவர்களின் கதை வேறு. அவர்களுக்கு எதிரி படுக்கை. முதுகுப்புறத்தில் புண், கெண்டைக்காலில் ரத்தக் கட்டி, நெஞ்சில் சளி என்று வரிசையாக வரும். எனவே 2 மணி நேரத்துக்கு ஒருமுறை நிலை மாற்றுவார்கள். அறுவை சிகிச்சைக்கு மறுநாளே உட்கார வைத்து, வாக்கரோடு நிற்கவும் வைப்பார்கள். “பாவம், படுத்திருக்கட்டும்” என்று தடுப்பது அன்புதான், ஆனால் பாட்டிக்குக் கெடுதல். எழுப்பி உட்கார வைப்பதற்கு அரை மணி முன்னால் வலி மாத்திரையைத் தரச் சொல்லிக் கேளுங்கள்.

வீட்டுக்குப் போனபின் நர்ஸின் வேலை உங்களுடையது. டிஸ்சார்ஜுக்கு முன் விரல் பார்க்கும் முறையை சிஸ்டரிடம் ஒருமுறை செய்துகாட்டச் சொல்லுங்கள். மாவுக்கட்டு முழுக்கக் காய 2, 3 நாள் ஆகும். அதுவரை விரல் நுனியால் பிடிக்காமல் உள்ளங்கையால் தாங்குங்கள், பள்ளம் விழுந்தால் அந்த இடம் தோலைக் குத்தும். அரிக்கிறதென்று ஸ்கேலையோ குச்சியையோ உள்ளே விடாதீர்கள். கட்டிலிருந்து நாற்றம் வந்தாலோ, கறை படர்ந்தாலோ, விரல்கள் நீலம் பாரித்தாலோ, மரத்துப்போனாலோ, மருந்துக்கு அடங்காமல் வலித்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் அப்போதே கிளம்புங்கள்.