இணையவழி ஆய்வுக்கு ஆள் சேர்த்தல்

விண்மீனை ஆராய்வார்க்கு விண்மீனின் இசைவு வேண்டுவதில்லை. மக்களை ஆராய்வார்க்கோ மக்களின் இசைவு இன்றியமையாதது. மொழி, தொழில், நோய் ஆகிய எதனை ஆராயப் புகினும், யாரைக் கேட்பது, அவரை எங்ஙனம் அழைப்பது என்னும் வினாக்களே முதற்கண் எழுகின்றன. இந்நாளில் இப்பணி பெரும்பாலும் இணையத்தின் வாயிலாக நடைபெறுகின்றது. மாணவர் பலரும் கூகுள் படிவம் ஒன்றை அமைத்து, வாட்சாப் குழுக்களில் இட்டு, விடைகளை எதிர்நோக்கி இருக்கின்றனர். ஆதலின், இம்முறையின் இயல்பையும் இடர்ப்பாட்டையும் ஈண்டுச் சிறிது விளக்குவாம்.

இணையம் தோன்றுமுன் ஆள் சேர்த்தல் காலால் நடந்து செய்யும் தொழிலாய் இருந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் சிலேட்டர் 1916ஆம் ஆண்டில் தம் மாணவர்களைக் கொண்டு சில சிற்றூர்களை ஆராய்வித்தார். அவற்றுள் ஒன்று, இன்றைய விழுப்புரம் மாவட்டத்து இருவேல்பட்டு. அவ்வாராய்ச்சி 1918இல் நூலாக வெளிவந்தது; பின்வந்தோர் 1930களிலும், 2008ஆம் ஆண்டு வரையிலும் அவ்வூரை மீண்டும் மீண்டும் ஆராய்ந்தனர். 1968இல் செங்கற்பட்டு மாவட்டத்தில் பி.சி.ஜி. ஊசியின் பயனை அறியும் பேராய்வு தொடங்கிற்று. வீடுவீடாய்க் கணக்கெடுத்து, 2,80,000க்கு மேற்பட்டோரைச் சேர்த்து, ஒரு சாரார்க்கு மருந்தும் மற்றொரு சாரார்க்கு மருந்தில்லா ஊசியும் இட்டனர். வயது வந்தோர்க்கு வரும் நுரையீரற் காசநோயை அவ்வூசி தடுக்கவில்லை என்பது முடிவு. எவரும் எதிர்பாராத அம்முடிவை எளிதில் தள்ளிவிட இயலாமைக்கு, விருப்பமானவரை மட்டும் பொறுக்காது வீடுதோறும் சென்றமையும் ஒரு காரணமாகும்.

நிற்க. இணையவழி ஆள் சேர்ப்பில் நாம் வீடு தேடிச் செல்வதில்லை, வருவாரை ஏற்றுக்கொள்கின்றோம். செலவு சிறிது, ஓரிரவில் நூறு விடைகள் வந்து குவியும், கடல் கடந்த தமிழரும் விடையளிப்பர். இவை மெய்யான நன்மைகளே. ஆயினும், வந்தவர் யார், வாராதவர் யார் என்னும் வினா அப்படியே நிற்கின்றது.

இதனை விளக்க உத்தரமேரூர்க் குடவோலையினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை. பெயரெழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டுக் குலுக்கி, சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுப்பித்தனர். எடுக்கும் முறையில் ஓரவஞ்சனை இல்லை. ஆனால், 35 வயதுக்குக் குறையாது 70க்கு மேற்படாது, கால் வேலிக்கு மேற்பட்ட இறைநிலமும் சொந்த மனையில் வீடும் உடையார் பெயரே குடத்துட் புகலாம் என 921ஆம் ஆண்டுக் கல்வெட்டு வரையறுத்தது. குடத்துட் புகாத பெயர், எத்துணை நேர்மையாகக் குலுக்கினும் வெளிவாராது. இணையப் படிவமும் ஒரு குடமே. கைபேசியும், ஓய்வும், எழுத்துப் பழக்கமும் உடையார் ஓலைகளே அதனுள் விழுகின்றன.

தொகை பெருகினால் இக்குறை நீங்குமோ எனின், நீங்காது. 1936இல் அமெரிக்காவில் 'லிட்டரரி டைஜஸ்ட்' என்னும் இதழ் ஒரு கோடிப் பேர்க்கு வாக்குச்சீட்டு அனுப்பிற்று. 20 இலட்சத்துக்கு மேற்பட்டோர் விடுத்த விடைகளை எண்ணி, ரூசுவெல்ட் தோற்பார் என்றது. அவரோ 48 மாநிலங்களுள் 46இல் வென்றார். தொலைபேசியும் மோட்டாரும் உடையார் பட்டியல்களையே அவ்விதழ் பெரிதும் நம்பியிருந்தது. விடை விடுத்தோரும் ஆர்வம் மிக்க ஒரு சாராரே.

இனி இதனை நம் துறைக்குப் பொருத்திப் பார்ப்போம். செஞ்சியை அடுத்த அவலூர்பேட்டைப் பகுதியின் பேச்சுவழக்கை இணையத்தின்வழி ஆராய்வதாகக் கொள்வோம். அவ்வட்டாரத்து உழவர் நிலக்கடலையை 'மல்லாட்டை' என்பர். மணிலாக்கொட்டை என்பதன் மரூஉ இது. படிவத்தை நிரப்புவோர் கல்லூரி மாணவராயின், 'வேர்க்கடலை' என்றே பெரும்பாலும் எழுதுவர். நாமும் 'மல்லாட்டை' வழக்கொழிந்தது என்று முடிபு கூறிவிடுவோம். சொல் சாகவில்லை, அதனைச் சொல்லும் வாய் நம் படிவத்தை எட்டவில்லை. உயிரோடிருக்கும் சொல்லுக்கு இறப்புச் சான்று எழுதுதல் தமிழ் மாணவர்க்கு அழகன்று.

நேரிற் சென்றால் மட்டும் பிழை நீங்கும் என்பதும் இல்லை. அருகிலுள்ள மேல்மலையனூரில் அமாவாசை இரவில் நின்று கேட்பின், பல மாவட்டத்து அடியவர் பேச்சு கிடைக்குமேயன்றி அவ்வூர்ப் பேச்சுக் கிடைப்பது அரிது. ஆதலின், இன்ன ஊரில், இன்ன வயதினர், ஆடவர் இத்துணையர், மகளிர் இத்துணையர், ஊர்த்தெருவினர் எத்துணையர், காலனியினர் எத்துணையர் என முன்னரே வகுத்துக்கொள்ளல் வேண்டும். கைபேசி இல்லாதார்க்கு நாமே படிவத்தைப் படித்துக்காட்டி, அவர் சொல்லியதை அவ்வண்ணமே பதிதல் வேண்டும்.

விடையளிப்போர்க்குப் பொருள் தருதல் பற்றியும் ஒன்று கூறுவாம். 2005இல் அமேசான் நிறுவனம் தொடங்கிய 'மெக்கானிக்கல் டர்க்' என்னும் இணையத் தொழிற்களத்தில், சிறு கூலிக்கு வினாப்படிவம் நிரப்பியோருள் இந்தியர் மிகப் பலர். உழைப்புக்குக் கூலி தருதல் நீதியே. ஆயினும், கூலியொன்றே நோக்காயின், ஒருவரே பல பெயரில் வருதலும், படியாமலே விடை குறித்தலும், கணிப்பொறி நிரல்கள் மனிதர்போல் விடையிறுத்தலும் நிகழ்கின்றன. இவற்றைக் கண்டறிய, கவனத்தைச் சோதிக்கும் வினா ஒன்றிரண்டை ஊடே வைப்பதுண்டு.

எல்லாவற்றினும் தலையாயது இசைவு. ஆய்வைச் செய்வோர் யாவர், நோக்கம் யாது, எத்துணைப் பொழுதாகும், விடைகள் எவரிடம் இருக்கும் என்பன அழைப்பிலேயே விளங்க வேண்டும். பங்கேற்போர் எப்பொழுது வேண்டினும், எவ்வித இழப்புமின்றி விலகிக்கொள்ளலாம் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகளிலும் காணப்படுகின்றது. ஆசிரியர் தம் வகுப்புக் குழுவில் ஒரு படிவத்தை இட்டு, "அனைவரும் நிரப்புக" என்றால், மறுக்கத் துணிவார் யாவர்? அதனை இசைவு என்றல் பொருந்தாது. அத்தகைய இடத்தில் விடையளித்தார் பெயரை ஆசிரியர் அறியாவண்ணம் அமைத்தலே தக்கது.

விருந்துக்கு அழைக்கப்பெற்றோர் வாராதொழிய, தெருக்களிலும் சந்துகளிலும் இருந்தோரை அழைத்துவரத் தன் ஊழியனை ஏவிய வீட்டுத்தலைவனை லூக்கா சுவிசேஷத்தில் காண்கின்றோம். ஆய்வாளர்க்கும் அவ்வேவல் பொருந்தும். அங்ஙனம் சென்றும் எட்ட இயலாதவர் உளராயின், இன்னாரை நாங்கள் கேட்கவில்லை என ஆய்வுரையில் வெளிப்பட எழுதுதல் கடன். வந்தவர் சொல்லை வந்தவர் சொல்லாகவே உரைப்போமாயின், சிறிய ஆய்வும் மெய்யான ஆய்வாகும்.