கித்தாரில் ஓர் உடைப்பு

உலு சிலாங்கூரிலுள்ள அம்பாங் பெச்சா என்னும் ஊர்ப்பெயருக்கு மலாய் மொழியில் 'உடைந்த அணை' என்பது பொருள். 1883ஆம் ஆண்டில் அவ்வணை உடைந்து, கோலக்குபு நகருக்குப் பேரழிவு நேர்ந்தது. கரை ஓரிடத்தில் உடைந்தாலும் தேங்கிய நீர் அவ்வழியே வடிந்துவிடும். மின்கித்தாரிலும் இவ்வியல்பைக் காணலாம்.

1952இல் கிப்சன் நிறுவனம் வெளியிட்ட லெஸ் பால் கித்தாரில் பிக்கப்புகள் இரண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒலியளவுக் குமிழ் ஒன்று, நாதக் குமிழ் ஒன்று. பிக்கப் என்பது காந்தத்தோடு அமைந்த கம்பிச்சுருள்; தந்தியின் அதிர்வை மின்னலையாக்குவது.

ஒலியளவுக் குமிழின் கீழ் மூன்று முனைகளுள்ள மாறுதடை உண்டு. ஓர முனைகளுள் ஒன்றில் பிக்கப் கம்பியும், மற்றதில் எர்த் எனும் பூமிக்கம்பியும் சேரும். நகரும் நடுமுனையிலிருந்து ஒலி வெளியேறும். குமிழைச் சுழியத்துக்குத் திருப்பின் நடுமுனை பூமிக்கம்பியோடு சேர, ஒலி அடங்கும். நாதக் குமிழிலோ, மின்தேக்கியானது உயர்ந்த அதிர்வெண்களை மட்டும் பூமிக்கம்பிக்கு விடுவதால் நாதம் மழுங்கும்.

இரு பிக்கப்புகளையும் ஒருங்கே இயக்குங்கால், ஒன்றன் ஒலியளவைச் சுழியமாக்கினால் இரண்டுமே ஊமையாகும். இது பழுதன்று. இரு நடுமுனைகளும் இணைந்திருப்பதால், மற்றதன் மின்னலையும் அவ்வுடைப்பின் வழியே வடிந்துவிடுகிறது.

பிக்கப் கம்பியை நடுமுனைக்கும், வெளியேறும் கம்பியை ஓர முனைக்கும் மாற்றிப் பற்றவைத்தால் இக்குறை நீங்கும். அப்போது வெளியேறும் கம்பிக்கும் பூமிக்கம்பிக்கும் நடுவே மாறுதடை முழுவதும், பெரும்பாலும் 500 கிலோ ஓம், கரையாக நிற்கும். ஆயினும் ஒலியளவைக் குறைக்குந்தோறும் நாதத்தின் கூர்மை மிகுதியும் குன்றும். தனித்தனி ஆட்சி வேண்டுமா, தெளிந்த நாதம் வேண்டுமா என்பதை முடிவு செய்த பின்னரே கம்பிகளை மாற்றுதல் நன்று.