புகைக்குழாய் ஸ்டட்டின் மரை கெட்டால்

பழைய மோட்டார் வண்டியைப் பேணிவரும் அங்கத்தினர்கள், சைலன்ஸரைக் கழற்றும்போது நட்டுடன் ஸ்டட்டும் சேர்ந்து வெளியே வருவதைக் கண்டிருக்கக்கூடும். அதன் மரையில் அலுமினியத் துணுக்குகள் சுற்றியிருந்தால், சிலிண்டர் ஹெட்டின் மரை அழிந்துவிட்டதென்று அறியலாம்.

ஜெர்மனியில் பிறந்து, மெக்ஸிகோவின் புவெப்லா நகரில் 2003-ஆம் ஆண்டுடன் உற்பத்தி நின்ற வோல்க்ஸ்வாகன் பீட்டில் வண்டியை எடுத்துக்கொள்வோம். அதன் நான்கு புகைவாயில்களுக்கும் இரண்டிரண்டாக எட்டு ஸ்டட்டுகள். கனம் 8 மில்லிமீட்டர். ஸ்டட் எஃகு, ஹெட் அலுமினியம். சூட்டில் அலுமினியம் எஃகைவிட ஏறத்தாழ இருமடங்கு விரியும். துருவும் சேர்ந்துகொண்டால் மென்மையான உலோகமே தோற்கும்.

தகட்டைச் சுற்றித் திணித்து ஒப்பேற்றுவது தகாது. இவ்வெஞ்சினில் விசிறி இழுக்கும் காற்றின் ஒரு பகுதியே புகைக்குழாயைத் தழுவிச் சூடாகி, குளிர்காலத்தில் வண்டியின் உட்புறத்திற்குச் செல்கிறது. கசியும் புகை எஞ்சின் அறையில் பரவினால், மணமற்ற கார்பன் மோனாக்ஸைடும் அவ்வழியே உட்புகும். உறங்கும் குழந்தைக்கும் அது தெரியாது, ஓட்டுபவருக்கும் தெரியாது.

பரிகாரம் இரண்டு. துளையைப் பெரிதாக்கி, ஒருபுறம் 10, மறுபுறம் 8 மில்லிமீட்டர் உள்ள படி ஸ்டட்டைப் பூட்டலாம். ஆனால் அதுவும் அலுமினிய மரையையே நம்பி நிற்கும். எஃகுக் கம்பிச்சுருளைப் பதிப்பதே மேல் என்பது நம் கருத்து.

எஞ்சினை இறக்கிவிடுங்கள், முதன்மையாக நான்கு போல்ட்டுகளே அதைத் தாங்குகின்றன. வண்டிக்கடியில் படுத்துக்கொண்டு நேராகத் துளையிட எவராலும் இயலாது. கோணிய துளை ஹெட்டையே பாழாக்கும். ஆகையால் பக்கத்திலுள்ள நல்ல ஸ்டட்டில் ஒரு தடித்த வழிகாட்டித் தகட்டைப் பூட்டி, அதன் துளை வழியே டிரில்லைச் செலுத்துக. ஆழம் மிகாதிருக்க டிரில்லில் நாடா ஒட்டுக. புகைவாயிலைத் துணியால் அடைக்க மறவாதீர்கள்.

சுருளுடன் வரும் டிரில்லையும் டாப்பையுமே பயன்படுத்துக. சாதாரண 8 மில்லிமீட்டர் டாப் இதற்கு உதவாது. மண்ணெண்ணெய் விட்டு, அரைச் சுற்று முன்னும் கால் சுற்று பின்னுமாக மரை வெட்டுக. சீவல்களை நீக்கியபின், சுருள் மேற்பரப்பிற்குச் சற்றுக் கீழே அமையும்வரை திருகி, அதன் அடிவாலை ஒடித்து வெளியே எடுத்துவிடுக.

புது ஸ்டட்டையும் புது கேஸ்கட்டையும் பூட்டி, நட்டுகளை 20 நியூட்டன் மீட்டர் அளவுக்கு இறுக்குக. முதல் ஓட்டத்திற்குப் பின், எஞ்சின் நன்றாக ஆறியதும் ஒருமுறை சோதித்துப் பார்க்கவும்.